உலக முடிவுக்கு ஓடும் முன் ஓடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மார்கழி விடுமுறையிலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரை ஹட்டன், தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போவார்கள். வாயில் திறந்ததும் எல்லோருக்கும் ஒரே அவசரம். மூடுபனி ஏறுமுன் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துவிட வேண்டும். அங்கே படமெடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, வாகனத் தரிப்பிடத்தில் சாப்பிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடந்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் "பெரிய பள்ளம்" என்று சொல்லும். பல இடங்களில் பாதையோடு கூடவே வந்த ஓடையைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த ஓடையைப் பற்றித்தான் இக்கடிதம். அதன் பெயர் பெலிஹுல் ஓயா. பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுவது இதன் தண்ணீர்தான். பள்ளத்தாக்கின் விளிம்பு அழகானது, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பூங்காவைப் பூங்காவாக வைத்திருப்பது தண்ணீர். சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர்களும் பெற்றோரும் போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போனால், பிள்ளைகள் பார்ப்பதும் கூடும், அந்த இடத்துக்கு நாம் செய்யும் கெடுதலும் குறையும்.

முதலில் இடத்தைப் பற்றி. கடல்மட்டத்திலிருந்து 2100 முதல் 2300 மீற்றர் உயரத்தில், 3160 ஹெக்டேயரில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கிரிகல்பொத்தவும் மூன்றாவதான தொட்டுபொல கந்தவும் இதன் ஓரத்தில்தான் நிற்கின்றன. சிங்களத்தில் பழைய பெயர் மகா எலிய. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரைப் பின்னர் வெள்ளைக்காரர் வைத்தார்கள். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பெலிஹுல் ஓயா தெற்கே சரிந்து, சமனலவெவ நீர்த்தேக்கத்தில் வளவ கங்கையோடு கலந்து, உடவளவையைக் கடந்து அம்பலாந்தோட்டைக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. வடக்கே இறங்கும் அக்கர ஓயா அக்கரப்பத்தனைத் தோட்டங்களினூடாகப் போய்க் கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. மேற்குச் சரிவின் நீர் பொகவந்தலாவை வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. ஆகவே கொழும்பில் குழாயைத் திறப்பவர் குடிப்பதிலும், திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பதிலும் இந்தச் சமவெளியின் பங்கு உண்டு. அக்கரப்பத்தனையில் பிறந்த பிள்ளைக்கு இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்கலாம். நாம் ஊர்ப் பெயராக வழங்கும் 'பத்தனை' சிங்களத்தின் 'பத்தன', அதாவது மலைப் புல்வெளி. தேயிலை வருமுன் அந்த ஊர் எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால் ஹோட்டன் சமவெளியின் புல்வெளியில் நின்று பார்த்தால் போதும்.

மழை ஓய்ந்து வாரக்கணக்கான பிறகும் ஓடையில் எப்படித் தண்ணீர் ஓடுகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று மண். புல்லடியில் மக்கிய தாவரப் பொருள் நிறைந்த கரிய மண் தடிப்பாகப் படிந்திருக்கிறது. பஞ்சைப்போல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுகக் கசிய விடும். புல்வெளியின் பள்ளமான பகுதிகள் எப்போதும் சேறாகக் கிடப்பது அதனால்தான். மற்றது காடு. இங்குள்ள மரங்கள் உயரம் குறைந்தவை, கிளை முறுகியவை, குடைபோல் தலை தட்டையானவை. சிறிய தடித்த இலைகள். கிளையெங்கும் பாசி, தாடிபோல் தொங்கும் இலைக்கன்கள். மூடுபனி இவற்றில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் ஒன்றுகூடிப் பெருந்துளியாகிச் சொட்டும். மழை இல்லாத காலையில் மரத்தடியில் கையை நீட்டி ஒரு நிமிடம் நின்றால் உள்ளங்கை நனையும். அந்தத் தண்ணீரும் மண்ணுக்குள்தான் இறங்குகிறது. 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக் கூடாதென்று குடியேற்ற அரசுக்கு ஆலோசனை சொன்னார். சுற்றுவட்டாரம் முழுவதும் தேயிலையாகிப் போனபோது இந்த மேட்டுக்காடு தப்பியதில் அந்த ஆலோசனைக்குப் பெரிய பங்குண்டு.

காட்டின் சில பகுதிகளில் இலையுதிர்ந்து வெள்ளையாக நிற்கும் பட்ட மரங்களைப் பிள்ளைகள் கேட்பார்கள். தீப்பிடித்ததல்ல. மரங்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும் நோய்நிலை அது. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 'கீன' என்ற உயர்மலை மரம் அதிகம் பாதிக்கப்படுகிறது. காரணம் பற்றி ஆராய்ச்சியாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஆனால் ஒரு மரம் பட்டுப்போனால் மூடுபனியை வடிக்கும் கிளைகள் அத்தனையும் போகின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இனி ஓடைக்கு வருவோம். புல்வெளியில் பெலிஹுல் ஓயா அவசரமில்லாமல் வளைந்து வளைந்து போகும். சாய்வு குறைவு. கரையில் இடுப்பளவு குட்டை மூங்கில் அடர்ந்து நிற்கும். அது மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, நீருக்கு நிழலும் தருகிறது. நிழல் போனால் நீர் சூடாகும், சூடானால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். அந்தக் குளிர்நீரை நம்பியே வாழும் ஒரு சின்ன உயிர் இங்கே இருக்கிறது. கரிடினா சிங்களென்சிஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட நன்னீர் இறால். ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் மட்டுமே அறியப்பட்டது. உலகில் வேறெங்கும் அதைக் காட்டித் தர முடியாது.

அதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. பாதை நீரைத் தொடும் இடத்தில் அல்லது பாலத்தின் மேல், உங்கள் நிழல் நீரில் விழாதபடி நில்லுங்கள். சுழிப்பான நடு ஓட்டத்தைப் பார்க்க வேண்டாம். கரையோரம், நீர்ச்செடி அசையாமல் நிற்கும் மந்தமான மடுவைப் பாருங்கள். நீருக்கடியில் நாடாபோல் நீண்ட இலைகளோடு கிடப்பது அப்பனொகீற்றன் என்னும் நீர்ச்செடி வகை. அந்த இலைகளின் மேல் கண்ணை நிறுத்தி ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால், இலையின் ஒரு துணுக்கு தானாக நகர்வதுபோல் தெரியும். உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். முதலில் தெரிவது இரண்டு கரும்புள்ளிக் கண்களும் அசைந்துகொண்டே இருக்கும் சின்னக் கால்களும்தான். இலையில் படிந்த பாசிப் படலத்தையும் மக்கலையும் சுரண்டித் தின்கிறது. பெண் இறால் முட்டைகளை வயிற்றுக்கடியில் கால்களுக்கிடையில் சுமந்து திரியும். கையை விட்டுப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. சவர்க்காரம், சம்போ, பூச்சி விரட்டும் தைலம் பூசிய கையோ காலோ அந்த மடுவில் பட்டால் முதலில் கெடுவது இந்த இறாலின் செவுள். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். இரண்டும் கணுக்காலிகள் என்ற பெருந்தொகுதியைச் சேர்ந்தவை.

இறாலுக்கு ஏற்கெனவே ஒரு எதிரி இருக்கிறது. இந்த உயரத்தில் இயற்கையாக மீன் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட திறவுட் மீன்களில் வானவில் திறவுட் நிலைத்துவிட்டது. நீரோட்டத்தை எதிர்கொண்டு மடுவில் நிற்கும் அதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அது அழகான மீன்தான். ஆனால் அந்த மடுவில் அது தின்பவற்றில் இறாலும் உண்டு என்பதை அதே இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.

ஓடையின் நடுவில் நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் தட்டையான பாறைகளையும் கவனிக்கலாம். சில பாறைகளின் உச்சியில் நண்டோட்டுத் துண்டுகளும் மீன் முள்ளும் கலந்த, மீன் வாடை வீசும் எச்சம் இருக்கும். அது நீர்நாயுடையது. தன் எல்லையைக் குறிக்க எல்லோர் கண்ணிலும் படும் பாறையில் இட்டு வைக்கும். நீர்நாயைப் பகலில் காண்பது அரிது, அதன் எச்சத்தைக் காண்பது அவ்வளவு அரிதல்ல. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கும் சாம்பல் வாலாட்டிக் குருவியும் இதே பாறைகளில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கும்.

இப்படி மெதுவாகப் போகும் ஓடை கடினமான பாறைப் பட்டை குறுக்கிடும் இடத்தில் திடீரென இறங்குகிறது. அதுதான் பேக்கர் நீர்வீழ்ச்சி. உயரம் சுமார் 20 மீற்றர். நாட்டின் நீர்வீழ்ச்சிகளில் இது உயரமானதல்ல. நாட்டிலேயே மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் அகலமாக, பாறைப் படிகளில் தட்டித் தட்டி, வெள்ளைத் துணி விரித்ததுபோல் விழும். ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர் அவர்தான். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களோடு இந்தச் சமவெளியில் மரை வேட்டையாடினார். ஒருகாலத்தில் யானைகளும் நடமாடிய இடம் இது. இன்று ஒன்றுகூட இல்லை.

வீழ்ச்சியின் முன்னால் நிற்பவர்கள் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். தண்ணீருக்குப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். நீர்த்திவலை எப்போதும் படும் அந்த ஈரப் பட்டையில் காட்டின் மற்ற இடங்களில் இல்லாத அடர்த்தியில் பாசியும் பன்னங்களும் வளர்கின்றன. இருமருங்கும் குடை விரித்து நிற்பவை மரப்பன்னங்கள். அவற்றின் சுருண்ட இளங்குருத்தை அருகில் நின்று பார்த்தால் பழுப்பு நிறச் செதில்கள் மயிர்போல் மூடியிருப்பது தெரியும். அவற்றுக்கு மேலே, வறண்ட மாதங்களில் இரத்தச் சிவப்பாகப் பூத்து நிற்பது ரொடோடென்றன், சிங்களத்தில் மகரத் மல். இலையின் அடிப்புறத்தைத் திருப்பினால் வெள்ளியும் பழுப்புமான மென்மயிர்ப் படலம் இருக்கும். அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும். புல்வெளி நடுவில் தனியாக நிற்கும் மரம் அநேகமாக இதுவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நீரிரைச்சலுக்கு மேலாக, கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல் ஒரு நீண்ட கூரிய சீழ்க்கை கேட்டால் எல்லோரையும் அமைதியாக்குங்கள். இலங்கைச் சீகாரப் பூங்குருவி. பறவை பார்ப்பவர்கள் 'அரேங்கா' என்பார்கள். இந்நாட்டுக்கே உரியது. உயர்மலைக் காட்டில் ஓடையும் நிழலும் உள்ள இடத்தைவிட்டு வெளியே வருவதில்லை. ஆண் கருநீலம், தோளில் மட்டும் ஒரு பளிச்சென்ற நீலப் பொட்டு. பெண் பழுப்பு, அதற்கும் அந்த நீலப் பொட்டு உண்டு. பூச்சி, சின்னத் தவளை, பல்லி என்று ஈரத் தரையில் கிடைப்பதைத் தின்னும். விடியலிலும் அந்தியிலும்தான் வெளிப்படும். பத்து மணிக்கு நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கினால் இறகுகூடக் கண்ணில் படாது.

ஆகவே எங்கள் யோசனை இது. சுற்றுப்பாதையைத் தலைகீழாக நடவுங்கள். நடைபாதை தொடங்கும் பார் இன் நிலையத்திலிருந்து புறப்பட்டதும் உலக முடிவுப் பக்கம் திரும்பாமல் நீர்வீழ்ச்சிப் பக்கம் போங்கள். காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கிறது. ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் ஏழரை மணியளவில் வீழ்ச்சியில் நிற்கலாம். கூட்டம் இருக்காது. பறவைகள் விழித்திருக்கும். இருபது நிமிடம் நின்றுவிட்டு நடந்தால் ஒன்பதுக்கு முன்பின் உலக முடிவை எட்டிவிடலாம். அங்கே ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்து. மூடுபனி பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகே விளிம்பை மூடும் என்பதால் அதையும் இழக்க மாட்டீர்கள். என்றாவது மூடுபனி முந்திக்கொண்டு ஏறிவிட்டால் வருத்தப்படவும் வேண்டாம், முக்கியமானதை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்.

நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, எப்போதும் ஈரம். ஒரு தடவையில் பத்துப் பிள்ளைகள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பார்வை மேடையைத் தாண்டிப் பாறைக்கு இறங்கவே கூடாது. அந்தப் பாறைகளில் படிந்திருக்கும் மெல்லிய பாசிப் படலம் கண்ணுக்குத் தெரியாது, சப்பாத்தின் அடிக்கு அது சவர்க்காரம் பூசிய தரை. மடுவில் குளிப்பது தடை. நீர் கடும் குளிர். திடீரென அதில் விழுபவர் மூச்சுத் திணறி முதல் சில நொடிகளிலேயே நீரை உள்ளிழுத்துவிடக் கூடும், நீச்சல் தெரிந்தவராயினும். மேட்டில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் இங்கே வெள்ளமாக இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓடையோரம் இன்னும் சிலவற்றைக் காணலாம். மழைக்காலத்தில் நீர்க்குழிக்கு மேலே புல்லிலோ செடியிலோ வெள்ளை நுரைத் திரள் ஒட்டியிருந்தால் அது எச்சிலோ சவர்க்கார நுரையோ அல்ல. மரத்தவளையின் கூடு. நுரைக்குள் முட்டை பொரித்து வாற்பேத்தைகள் கீழேயுள்ள நீரில் சொட்டும். இதே காட்டில் வாற்பேத்தைப் பருவமே இல்லாத தவளை வகைகளும் உண்டு. ஈர மண்ணில் இட்ட முட்டையிலிருந்து நகத்தின் பாதியளவு முழுத்தவளையே வெளிவரும். தவளை தோலாலும் சுவாசிப்பது. தைலம் பூசிய கையால் தூக்கிப் பார்ப்பது அதற்கு நஞ்சு.

காட்டுப் பகுதியில் பாசி படர்ந்த மரத்தண்டைப் பார்வையால் மெல்ல மேலேற்றினால், மூக்கில் வெள்ளைக் கொம்பு வைத்த ஓணான் ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காண்டாமிருகக் கொம்பு ஓணான் என்று சொல்லலாம். ஆணுக்குத்தான் கொம்பு பெரிது. இன்னொன்று சுண்டுவிரல் தடிப்புள்ள குட்டை ஓணான். வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், முட்டையிடாமல் குட்டி போடும். இரண்டும் இந்நாட்டின் மலைக்காட்டில் மட்டும் உள்ளவை, இரண்டும் நடப்பது மிக மெதுவாக.

மெதுவாக நடப்பது இப்போது அவற்றுக்கு ஆபத்தாகிவிட்டது. நாம் சிந்தும் சோறு, பணிஸ், வடைத் துண்டு ஆகியவற்றைத் தேடி அண்டங்காக்கைகள் மேலேறி வருகின்றன. மிச்சம் கிடைக்கும் இடத்தில் காகம் பெருகும். சுற்றுலாக் கூட்டம் இல்லாத நாளில் அந்தக் காகங்கள் பட்டினி கிடக்குமா? ஓடத் தெரியாத ஓணானைக் கொத்தித் தின்கின்றன. உலக முடிவில் ஒரு பிள்ளை காகத்துக்கு எறிந்த ரொட்டித் துண்டுக்கும், காட்டில் குறையும் கொம்பு ஓணானுக்கும் இடையிலுள்ள தொடர்பு இவ்வளவு நேரானது. வாழையிலையில் கட்டிய சாப்பாடு நல்லதுதான், பொலித்தீனைவிட எவ்வளவோ மேல். ஆனால் "இலைதானே, மக்கிவிடும்" என்று புதருக்குள் எறியக் கூடாது. இந்தக் குளிரில் மக்க நெடுநாள் எடுக்கும், அதில் ஒட்டிய சோறு அன்றைக்கே காகத்தைக் கூப்பிடும். இலையையும் மிச்சத்தையும் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள்.

அடுத்தது மரை. இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. வாகனத் தரிப்பிடத்தில் கொம்புள்ள ஆண் மரை வந்து பஸ் யன்னலுக்குள் மூக்கை நீட்டும்போது பிள்ளைகளுக்கு அளவில்லாத சந்தோஷம். பிஸ்கட்டை நீட்டாத கை இல்லை. மரை அசைபோடும் பிராணி. வயிறு நான்கு அறை. புல்லையும் இலையையும் முதல் அறையில் நிரப்பி, நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்க, மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மென்று விழுங்கும். அந்த நுண்ணுயிர்கள் நாருக்குப் பழகியவை. பாண், பணிஸ், பிஸ்கட் போன்ற மாப்பண்டம் ஒரேயடியாக உள்ளே போனால் மிக வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். பிராணி தின்ன மறுத்துப் படுத்துவிடும். பொலித்தீன் அதைவிடக் கொடியது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பை உணவு மணம் வீசுவதால் அதையும் விழுங்கிவிடுகிறது. மென்று நொறுக்க முடியாது. அடுத்த அறைக்குப் போகும் ஒடுக்கமான வழியில் நுழையாது. முதல் அறையிலேயே ஒன்றோடொன்று சுற்றிப் பந்தாகிக் கிடக்கும். வயிறு நிறைந்த உணர்வு இருக்கும், சத்து ஏறாது. வெளியே பார்த்தால் மரை நன்றாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் உள்ளேயே மெலிந்து சாகும்.

கையிலிருந்து தின்னப் பழகிய மரை தெருவை விட்டுப் போகாது. இருட்டில் வாகனத்தில் அடிபடும். கொம்பை ஆட்டினால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தைக் கிழிக்கும். அந்திக்குப் பிறகு சிறுத்தையும் இரை இருக்கும் இடத்துக்கே வரும். மரையைப் பார்ப்பதற்குச் சரியான இடம் விடியலில் காடும் புல்வெளியும் சந்திக்கும் ஓரம். கூட்டமாகப் பனியில் நனைந்து மேயும். ஒன்று தலையைத் தூக்கி, காதை நம் பக்கம் திருப்பி, முன்காலால் தரையை உதைத்துக் குழல் ஊதுவதுபோல் ஒருமுறை குரல் கொடுக்கும். யன்னலுக்குள் நீளும் மூக்கைவிட அந்தக் காட்சி ஆயிரம் மடங்கு மேலானது.

முட்செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்வெளியில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பூவோடு அடர்ந்து நிற்பது கோர்ஸ் என்ற ஐரோப்பியச் செடி. இலையெல்லாம் முள்ளாகி இருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்து சேர்ந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் மண்ணில் நைதரசனை ஏற்றி, வறிய மண்ணுக்குப் பழகிய உள்ளூர்ப் புல்லை வெளியேற்றிவிடுகிறது. வெயிலேறினால் காய் வெடித்து விதை தெறிக்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும், வேரோடு பிடுங்கினால்தான் போகும், அதுவும் காய்க்குமுன். தண்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தை, மாசி வறட்சியில் ஒரு பீடித் துண்டு போதும், மளமளவென்று பற்றும். அகற்றுவதிலும் கவனம் வேண்டும். கரும் உதட்டு ஓணான் என்ற இந்நாட்டுக்கே உரிய ஓணான் இந்த முட்புதரைப் பகைவரிடமிருந்து ஒளியும் இடமாகப் பழகிக்கொண்டிருக்கிறது. ஆர்வத்தில் யாரும் தாமாக இறங்கிப் பிடுங்க வேண்டாம், அது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை. நம்மால் முடிந்தது சப்பாத்தைக் கழுவுவது. வீட்டிலிருந்து புறப்படும்போதும் திரும்பி வந்த பிறகும் அடியில் ஒட்டிய சேற்றைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். விதை பயணம் செய்வது சேற்றில்தான்.

பாதையை விட்டு விலகக் கூடாது என்ற விதியின் காரணமும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கரிய மண்ணை நாற்பது சோடிக் கால்கள் மிதித்தால் நுண்துளைகள் அமுங்கி நீர் உறிஞ்சுவது நின்றுவிடும். பிறகு மழைநீர் மேலாலேயே ஓடி மண்ணை ஓடைக்குள் இழுத்துவரும். கலங்கிய நீரில் செடிக்கு வெளிச்சம் போகாது, இறாலுக்குத் தின்னப் பாசி இருக்காது. 1960களில் இங்கே அரசு உருளைக்கிழங்கு பயிரிட்ட நிலங்களில் இன்றுவரை பழைய புல்வெளி முழுமையாகத் திரும்பவில்லை. அவ்வளவு மெதுவாக ஆறும் மண் இது.

கொண்டு போக வேண்டியவை கொஞ்சம்தான். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், திரும்பப் பாவிக்கும் போத்தலில். பிளாஸ்ரிக் போத்தலானால் மேலே சுற்றிய லேபலை வீட்டிலேயே உரித்துவிடுங்கள். வாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்து வைப்பார்கள். முன்கூட்டியே ஒழுங்கு செய்தால் வரிசையில் அரைமணி மிச்சம். சாப்பாடு மூடியுள்ள பெட்டியில். மார்கழி, தையில் அதிகாலையில் புல்லில் உறைபனி கிடக்கும், ஆகவே கம்பளிச் சட்டையும் தொப்பியும். பத்து மணிக்கு வெயில் சுட்டெரிக்கும் என்பதால் கழற்றி வைக்கப் பையில் இடமும். மழைக்கு ஓர் அங்கி. பிடிமானமுள்ள சப்பாத்து, செருப்போடு வரும் பிள்ளையை நீர்வீழ்ச்சிக்கு இறக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இங்கே எழுதும்போது எங்களுக்கே பல இடங்களில் பெயருக்குத் தட்டுப்பாடு. இறாலுக்குத் தமிழில் பெயரில்லை, கீன மரத்துக்கு இல்லை. குறிஞ்சி என்று நிலத்துக்கே பூவின் பெயரை வைத்த மொழி நம்முடையது. அதே இனத்துச் செடிகள் இந்தக் காட்டின் அடியில் நெலு என்ற சிங்களப் பெயரோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒன்றாகப் பூத்து ஒன்றாகச் சாகின்றன. விதை கொட்டியதும் காட்டுக்கோழிகள் கூட்டமாக வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு அது குறிஞ்சி என்றே தெரியாது. உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு உயிரினம் என்று, படத்தோடும் தமிழ்ப் பெயரோடும் ஒரு சிறு பத்தி வெளியிட்டால், வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். விவரங்களை எழுதித் தர நாங்களும் தயார். அரேங்காவிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
நுவரெலியா மாவட்டம்.